பூ வைக்கிற மேடத்துக்குப் பாராட்டு விழா

கை தட்டணும். எல்லாரும் தட்டுறாங்க, நானும் தட்டித்தான் ஆகணும். ஓங்கித் தட்டுனா இடது விலாவுல சுருக்குன்னு ஏறுது. அதனால ரெண்டு கையையும் கிட்டக் கொண்டுபோயி, ஒட்டவிடாம, திருப்பி எடுத்துக்கிறேன். பாக்கறவங்களுக்குத் தட்டுற மாதிரி இருந்தாப் போதும், இம்புட்டுச் சத்தத்துல என் கைச் சத்தம் யாரு காதுல விழப்போகுது. மேடையில ஒரு போலீஸ்காரருக்கு வணிகர் சங்கத் தலைவரு சால்வை போடுறாரு. கிணத்துக்குள்ள விழுந்த பிள்ளைய இறங்கித் தூக்குனவராம். நல்லா இருக்கட்டும் மகராசன், உண்மையிலேயே தூக்கியிருக்காரு, பிள்ளை உயிரோட இருக்கு, அதுக்குத் தட்டலாம். இப்பத்தான் திருட்டு நகைய மீட்டவருக்குத் தட்டுனோம். இன்னும் யாரு யாரு இருக்காங்களோ. சிறந்த காவலர்களுக்குப் பாராட்டு விழான்னு பின்னாடி பெரிய பேனரு, அதுல கடைசியா எங்க மேடம் போட்டோ, மகளிர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வசந்தகோகிலா. போட்டோவுல வயசு குறைச்சலாத் தெரியுறாங்க. அவங்களுக்குச் சால்வை போடும்போது நாங்க மேடை ஏறணும், நானும் எம்புருஷன் இவரும். ஏறி மைக்குல ரெண்டு வார்த்தை பேசணும். நான்தான் பேசணும், இவரு பக்கத்துல நின்னாப் போதும்னு சொல்லிட்டாங்க. இவரு பக்கத்துல நிக்கிறதுக்கு என்ன, நல்லாவே நிப்பாரு. இப்பவும் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை கெட்டது போங்க. கால மட்டும் ஆட்டிக்கிட்டே இருக்காரு. கோவம் இருந்தா ஆட்டுவாரு. அந்தக் கால் ஆடுறதப் பாக்கக் கூடாதுன்னுதான் மேடையையே பாத்துக்கிட்டு இருக்கேன், ஆனாலும் கண்ணு ஓரத்துல ஆடுது.

கல்யாண மண்டபத்துல எதுக்கு வெச்சாங்களோ இத. வாசல்ல பன்னீர் தெளிக்கிறாங்க, சந்தனம், கல்கண்டு, எவன் வீட்டுக் கல்யாணம்னு கேக்கத் தோணுது. மாப்பிள்ளை பொண்ணு உக்காருற அந்த ரெட்டை நாற்காலியில எஸ்.பி. ஐயாவும் சங்கத் தலைவரும் உக்காந்திருக்காங்க. சிரிப்பு வருது. சிரிச்சா விலா பிடிக்கும், வேணாம். முன்வரிசையில எங்களத்தான் உக்கார வெச்சிருக்காங்க, மேடம் சேத்து வெச்ச ஜோடிங்க எல்லாத்தையும். ஸ்டேஷன் வேன்லயே கூட்டிட்டு வந்தாங்க. வேன்ல ஏறும்போதே ரோஸ்லின் ஏட்டம்மா ஆளுக்கு ஒரு முழம் மல்லிப்பூவக் குடுத்து, "அவங்கவங்க புருஷன் கையாலதான் வெச்சுக்கணும், மேடத்துக்கு அதுதான் பிடிக்கும்"னு சொன்னாங்க. இவரு வெச்சுவிட்டாரு. கொண்டை ஊசிய மண்டையில குத்துற மாதிரி குத்தி வெச்சாரு. அந்தம்மா பாத்துட்டு, "அடடா, அண்ணனுக்கு வெக்கத்தப் பாரேன்"னாங்க. வெக்கமாம். இவருக்கு. பின் சீட்டுல இருந்த ரெண்டு பொம்பளைங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிக்கிற இடத்துல சிரிச்சிரணும், இல்லைன்னா என்ன ஏதுன்னு கேப்பாங்க. வேன் போற வழியெல்லாம் அந்தம்மா எனக்குப் பாடம் நடத்துனாங்க. "மேடம் எங்களுக்குத் தாய் மாதிரி. பிரிஞ்சு போக இருந்த எங்களச் சேத்து வெச்சாங்க. இப்ப சந்தோஷமா இருக்கோம். காவல்துறைக்கு நன்றி. அவ்வளவுதான் சந்தனமாரி, பயப்படாத, வாய்ப்பாடு மாதிரி சொல்லிட்டு இறங்கிரு." சொல்லிப் பாத்தேன். மேடம் எங்களுக்குத் தாய் மாதிரி. அது பொய் இல்ல, அதச் சொல்லலாம். பிரிஞ்சு போக இருந்த எங்களச் சேத்து வெச்சாங்க. அதுவும் நெசந்தான், சேத்துத்தான் வெச்சாங்க. அடுத்த வாக்கியத்துலதான் நாக்கு நிக்குது. நிக்கட்டும், மேடையில போயிப் பாத்துக்கலாம். என்னத்தப் பாத்துக்குறது. திரும்ப மொதல்ல இருந்து சொல்லு. மேடம் எங்களுக்குத் தாய் மாதிரி.

மேடத்த எனக்குப் பிடிக்கும், அதுதான் வம்பே. பிடிக்காத ஆளுன்னா இந்நேரம் வயித்தெரிச்சலோட சாபம் விட்டுட்டு உக்காந்திருப்பேன். மொத மொத ஸ்டேஷனுக்குப் போனப்ப உதடு கிழிஞ்சு, செருப்பு கூட இல்லாமப் போயி நின்னேன். எழுந்து வந்து என்னத் தொட்டு உக்கார வெச்சது அவங்கதான். டீ வாங்கிக் குடுத்தாங்க. எம்மக மகிஷா அழுததுக்கு அவங்க டிபன் டப்பாவுல இருந்து இட்லிய எடுத்து ஊட்டுனாங்க. இவர வரவழைச்சு, நிக்க வெச்சு, கேட்டாங்க பாருங்க கேள்வி, எனக்கே பாவமாப் போச்சு. "நீ ஆம்பளையா, கட்டுனவள அடிக்கிறதுக்கா லோடு ஆட்டோ ஓட்டி மூட்டை தூக்கி ஒடம்ப வளத்த?" இவரு அழுதாரு. நெசமா கண்ணுல தண்ணி வந்துச்சு, இனிமே தொட மாட்டேன்னு பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரு. பிள்ளை தலைய எதுக்குத் தொடணும்னு நான் அப்பவே நெனச்சேன். அப்புறம் மேடம் எப்பவும் செய்யறதச் செஞ்சாங்க, வாசல்ல பூக்காரம்மாகிட்ட ஒரு முழம் வாங்கிட்டு வரச் சொல்லி, ஸ்டேஷன் நடுவுல, எல்லாருக்கும் முன்னாடி, இவர் கையால எனக்கு வெச்சுவிடச் சொன்னாங்க. ஊருக்குள்ள அதனாலதான் பூ வைக்கிற மேடம்னு பேரு. வெச்சாரு. அன்னைக்கு மெதுவாத்தான் வெச்சாரு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு, இல்லைன்னா பொய். கல்யாணத்தப்போ கூட இப்படி வெச்சதில்லையேன்னு நெனச்சேன். ஆட்டோவுல வீட்டுக்கு வரும்போது பூ வாசம் மூக்குக்குள்ளயே நின்னுச்சு. ஒரு வாரம் நல்லாத்தான் இருந்தாரு. அந்த ஒரு வாரத்த நெனச்சாத்தான் இப்பவும் ஆத்திரம் ஆத்திரமா வருது, யாரு மேலன்னுதான் தெரியல.

போன வாரம் மேடம் எங்க தெருவுக்கே வந்தாங்க. ஜீப்பப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, யாரோ சொல்லிட்டாங்க போல, தெரிஞ்சுதான் வந்துட்டாங்கன்னு நெனச்சேன். அவங்க வந்து என் கன்னத்தத் தட்டி, "விழாவுல நீதான் பேசணும் சந்தனமாரி, உன்னையத்தான் தேர்ந்தெடுத்திருக்கேன்"னாங்க. எனக்கு எதுக்கு மேடம்னு கேட்டேன். "மத்தவளுக எல்லாம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மூக்கச் சிந்திக்கிட்டு வந்து நின்னுருவாளுக. நீ ஒருத்திதான் அதுக்கப்புறம் திரும்பி வரவே இல்ல. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், நீ நல்லா இருக்கேன்னு." சொல்லிட்டுச் சிரிச்சாங்க. மனசாரச் சிரிச்சாங்க, அவங்ககிட்ட ஒரு கள்ளமும் இல்ல. நான் ஏன் திரும்பி வரல மேடம்? ரெண்டாவது தடவ வர்றதுக்குச் சேலைய மாத்திக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தேன், அங்க இவரு ஆட்டோ நின்னுச்சு. உள்ள உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. "ஏறு"ன்னாரு. ஏறுனேன். அன்னைக்கு வாங்குனதுக்கு அப்புறம் ஸ்டேஷன் இருக்குற ரோட்டுப் பக்கமே நான் போறதில்ல மேடம், ரேஷன் கடைக்குக் கூடச் சுத்திக்கிட்டுத்தான் போறேன். வராதவ எல்லாம் நல்லா இருக்கான்னு கணக்கு வெச்சிருக்கீங்களே, வர முடியாதவள எந்தக் கணக்குல சேப்பீங்க. இதத்தான் அன்னைக்கு ஜீப்பு பக்கத்துல நின்னு கேட்டிருக்கணும். வாயில வந்தது, "காபி சாப்பிடுறீங்களா மேடம்?" எனக்கு நானே அறைஞ்சுக்கலாம் போல இருந்துச்சு.

தட்டணும், தட்டணும். போக்குவரத்துல வெயில்ல நின்ன பெரியவராம், பாவம், சால்வைய எப்படிப் போட்டுக்குறதுன்னு தெரியாம நிக்கிறாரு. இவரு கால் ஆட்டுறது நின்னுருச்சா? இல்ல. நேத்துச் சாயங்காலமும் இப்படித்தான் கட்டில்ல உக்காந்து ஆட்டிக்கிட்டு இருந்தாரு. ஏட்டம்மா வந்து, நாளைக்கு ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்னு சொல்லிட்டுப் போயி அரை மணி நேரம் இருக்கும். வெயில் கூட இன்னும் இறங்கல, நான் உலையில அரிசி போட்டுக்கிட்டு இருந்தேன். "நாளைக்கு லோடு போச்சு. அதுவும் எதுக்கு? இவன்தான் பொண்டாட்டிய அடிச்சவன்னு ஊருக்கே கூட்டிக் காட்டப் போறாளுக. நீதானே போயிக் கேட்டு வாங்கியிருக்க?" இல்லைங்கன்னேன். நான் கேக்கலைங்கன்னேன். அந்த அம்மாவாத்தான்னு சொல்லும்போதே விழுந்திருச்சு. இப்பெல்லாம் முகத்துல அடிக்கிறதில்ல, வெவரம் வந்திருச்சு, சேலைக்குள்ள இருக்குற இடமாப் பாத்துத்தான். அடுப்புத் திண்டுல மோதி உக்காந்துட்டேன். மகிஷா அழல. அதுதான் என்னால தாங்க முடியல. முன்னாடியெல்லாம் கத்துவா, அப்பா கையப் பிடிச்சுத் தொங்குவா. நேத்து எழுந்து போயி டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுட்டு வந்து உக்காந்துக்கிட்டா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு அத யாரு சொல்லிக் குடுத்தா? நான் சொல்லல. நான் சொன்னதே இல்ல. அவளாக் கத்துக்கிட்டா. அதுக்கு மேல நெனைக்க வேணாம், நெனச்சாக் கண்ணுல தண்ணி வரும், மை கரையும், இங்க கேமரா எல்லாம் இருக்கு.

அதனாலதான் சொல்லிரலாம்னு பாக்குறேன். காலையில தலை சீவும்போதுதான் தோணுச்சு. எஸ்.பி. ஐயா உக்காந்திருக்காரு, பேப்பர்க்காரங்க இருக்காங்க, மைக்கு என் கையில இருக்கும். ஸ்டேஷனுக்குப் போற வழிய அடைக்கலாம், மைக்க எப்படி அடைப்பாரு? மேடம் எங்களுக்குத் தாய் மாதிரி, ஆனா நான் நல்லா இல்லைங்கய்யா, நேத்தும் அடிச்சாரு, என்னையும் என் பிள்ளையையும் இந்த ஆளுகிட்ட இருந்து பிரிச்சு விடுங்க. அம்புட்டுத்தான், ஒரு மூச்சுல சொல்லிரலாம். அப்புறம்? அப்புறம் மேடம் மூஞ்சி எப்படி ஆகும்? சால்வையோட நிப்பாங்க. ஊரே பாக்கும், பூ வெச்சுச் சேத்த லட்சணத்தப் பாருன்னு. கோவத்துல, போடி, இனிமே உன் பக்கமே திரும்ப மாட்டேன்னுட்டா? எனக்கு இருக்குறதே அந்த ஒரு ஆளு. எங்கண்ணன் பாக்கியராஜுகிட்ட போனப்ப வாசல்லயே நிக்க வெச்சு, "போலீஸே பேசி முடிச்சு வெச்சதுக்கப்புறம் நான் என்ன தாயி பேசறது? மறுபடி நான் தலையிட்டா என் மேல கேஸ் ஆயிரும்"னுட்டான். மதினி உள்ள இருந்து தண்ணி கூடக் கொண்டாரல. அப்ப அண்ணன் வீடும் இல்ல. மேடமும் போயிட்டா? எஸ்.பி. ஐயா என்ன, எனக்குச் சோறு போட்டு வெச்சுக்குவாரா? நாளைக்கு வேற ஊருக்கு வேற விழாவுக்குப் போயிருவாரு. நான் அதே வீட்டுக்குத்தான் போகணும். இல்ல, சொல்லிரணும். பிள்ளை டிவி சத்தத்தக் கூட்டுறா. அதுக்காகவாவது சொல்லிரணும். மேடத்துக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகுது, அவங்க நல்லவங்கதானே, நல்லவங்கன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா. சொல்லிரலாம். தண்ணி வேணும். பாட்டில் இவருகிட்ட இருக்கு. கேட்டா, "எதுக்கு இப்படி வேர்க்குது உனக்கு?"ன்னு கேப்பாரு. வேணாம்.

கூப்பிட்டுட்டாங்க. மேடம் பேரத்தான் சொல்றாங்க, இதுவரைக்கும் இல்லாத கைதட்டு. "பிரிந்த குடும்பங்களை ஒரு முழம் பூவால் இணைத்த கருணை உள்ளம்"னு மைக்குக்காரரு நீட்டி முழக்குறாரு. மேடம் விறைப்பா நடந்து போயி எஸ்.பி. ஐயாவுக்குச் சல்யூட் அடிக்கிறாங்க. சால்வை, கேடயம், சர்டிபிகேட்டு. அவங்க கண்ணு கலங்கிப் போயிருக்கு. இந்த வேலையில இத்தனை வருஷத்துல யாருமே அவங்களப் பாராட்டலையோ என்னவோ, புதுச் சட்டை கிடைச்ச பிள்ளை கணக்கா நிக்கிறாங்க. ஏட்டம்மா என் தோளத் தொட்டு, "போ, போ"ங்கிறாங்க. படி ஏறும்போது விலா பிடிச்சு இழுக்குது, மூச்சப் பாதியிலயே நிறுத்திக்கிட்டு ஏறுறேன். பின்னாடி இவரு. மைக்க என் உயரத்துக்கு இறக்குறாங்க. எம்புட்டுத் தலைங்க, சாமி. நான் வாயத் திறக்கிறேன். "மேடம்..." சொல்லிட்டேன், அடுத்த வார்த்தைதான், நான் நல்லா இல்லைன்னு சொல்லப்போறேன், தொண்டை வரைக்கும் வந்திருச்சு. அப்ப இவரு கிட்ட வந்து என் இடுப்பச் சுத்திக் கையப் போடுறாரு. போட்டோக்காரன் யாரோ கீழ இருந்து, "அண்ணே, அக்கா தோள்ல கை போடுங்க, கிட்ட நில்லுங்க"ன்னு கத்துனான், அதுக்குத்தான் போடுறாரு. தோளுக்குப் போகாம விலாவுல வந்து நிக்குது கை. அமுக்கல. சத்தியமாச் சொல்றேன், அமுக்கவே இல்ல, சும்மா வெச்சிருந்தாரு. அந்தக் கை அங்க இருந்துச்சு, அம்புட்டுத்தான். என் வாய் தன்னால பேசுது. மேடம் எங்களுக்குத் தாய் மாதிரி. பிரிஞ்சு போக இருந்த எங்களச் சேத்து வெச்சாங்க. இப்ப சந்தோஷமா இருக்கோம். காவல்துறைக்கு நன்றி. ஒரு எழுத்துத் தப்பாம ஏட்டம்மா சொன்னது அப்படியே வருது. மண்டபமே தட்டுது. மேடம் ஓடி வந்து என்னக் கட்டிப்பிடிச்சுக்கிறாங்க, கேடயம் முதுகுல இடிக்குது, அவங்க மேல பவுடர் வாசம். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வருது. "சந்தோஷத்துல அழுவுறா பாவம்"னு யாரோ சொல்றாங்க.

விடக் கூடாதுன்னு அவங்க காதுகிட்ட வாயக் கொண்டுபோயிச் சொன்னேன், "மேடம், உங்ககிட்டத் தனியா ஒரு விசயம் பேசணும்." சொல்லிட்டேன்ல? சொன்னேன். அவங்களுக்கும் கேட்டுச்சு. "எதுனாலும் பேசலாம்டா, மொதல்ல ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிடுங்க, அப்புறம் ஸ்டேஷனுக்கு வா"ன்னு என் கன்னத்தத் தொடைச்சுவிட்டு, பேப்பர்க்காரங்க கூப்பிட அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. ஸ்டேஷனுக்கு வா. எப்படி வருவேன் மேடம்? அதுக்குள்ள எஸ்.பி. ஐயா எழுந்து இவரு பக்கம் வந்து கைய நீட்டுனாரு. இவரு வேட்டியில கையத் தொடைச்சுட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. "திருந்தி வாழறது பெரிய விசயம் தம்பி. உங்கள மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு உண்மையான மெடல்"னு ஐயா சொன்னாரு, இவரு தோளத் தட்டுனாரு. போட்டோ எடுத்தாங்க. இவரு முகத்த நான் பாத்தேன். கல்யாணமான நாள்ல இருந்து இப்படி மலர்ந்து பாத்ததில்ல. ஊருக்கு முன்னாடி அவமானம்னு நெனச்சு வந்த ஆளு, சால்வை போட்ட மாதிரி நெஞ்ச நிமித்தி இறங்குறாரு. என் கையப் பிடிச்சு, படி பாத்து இறங்குன்னு சொல்றாரு.

இப்பச் சாப்பாட்டுக் கூடத்துல உக்காந்திருக்கோம். எதிர்ப்பந்தியில மேடம், சுத்தி அவங்க ஆளுங்க. இவரு போட்டோக்காரரத் தேடிப் பிடிச்சு நம்பர் வாங்கிட்டு வந்தாரு, பெருசாப் பிரேம் போட்டு வாசலுக்கு நேரா மாட்டணுமாம், ஸ்டேஷன்லயும் ஒண்ணு மாட்டப் போறாங்களாம், ஏட்டம்மா சொன்னாங்களாம். கால் ஆடல. சுத்தமா நின்னுருச்சு. எனக்குப் பாயாசம் வைக்கச் சொல்லிப் பரிமாறுறவரக் கூப்பிட்டாரு, அப்பளத்த உடைச்சு என் இலையில போட்டாரு. பக்கத்துல இருந்த பொம்பள, கொடுத்து வெச்சவங்க நீங்கன்னாங்க. நான் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே மேடத்தப் பாத்தேன், கை கழுவப் போகும்போது அவங்ககிட்ட போயிரலாமான்னு. இவரு நான் பாக்குற பக்கத்தப் பாத்தாரு. கோவப்படல. கொஞ்சங்கூடக் கோவமில்லாம, எம்பக்கம் சாஞ்சு, குழந்தைக்குச் சொல்ற மாதிரி மெதுவா, "போயேன் மாரி. நல்லாப் போயி சொல்லு. எந்த ஸ்டேஷனுக்கு வேணாப் போ, இனிமே நான் தடுக்கவே மாட்டேன்"னாரு. சொல்லிட்டு ஒரு வாய்ப் பாயாசம் குடிச்சாரு. எதிர்ல இருந்து மேடம் எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சு, நல்லாச் சாப்பிடுன்னு சைகை காட்டுனாங்க. சரிங்க மேடம்னு தலைய ஆட்டிட்டுச் சாப்பிட்டேன்.